லெய்பல் வீட்டுக்கு ஒரு ரொட்டி

உக்ரைன் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் எங்கள் மோத்ரியாவைப் போல ஒரு வாயாடி கிடைக்கமாட்டாள். புருஷன் செத்துப் பல வருஷம் கழித்து, அறுபத்திரண்டு வயதில், தேனீ வளர்க்கும் ஓனிஸ்கோவைக் கட்டிக்கொள்ளப்போவதாக அவளே ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தாள்.

"இந்த வயசுல கல்யாணம் கேக்குதாக்கும்?" என்று நொடித்தாள் நாத்தனார் ஹொர்ப்பினா.

"பொறாமையாடி? அவருக்குத் தம்பி இருக்காரு. பல்லு மட்டுந்தான் இல்ல. பேசி முடிக்கட்டா?"

ஹொர்ப்பினாவே சிரித்துவிட்டாள்.

எங்கள் ஊர் வழக்கப்படி, தாய் தகப்பன் இல்லாத பெண் கல்யாணத்துக்கு முன்னால் கல்லறைக்குப் போய் அவர்களை அழைத்துவிட்டு வரவேண்டும். மோத்ரியாவும் கல்யாண ரொட்டி சுட்டுக் கொண்டுபோய் அழைத்தாள். திரும்பியபோது கூடையில் ஒரு ரொட்டி மிச்சமிருந்தது. ஓனிஸ்கோ கை நீட்டினார்.

"எடு கைய! அது லெய்பல் வீட்டுக்கு."

ஓனிஸ்கோவின் முகம் வெளிறிப்போயிற்று.

லெய்பல் அவளுடைய பக்கத்து வீட்டு யூதர். அவர் பிடில் இல்லாமல் அந்தக் காலத்தில் எந்த வீட்டிலும் கல்யாணம் நடந்ததில்லை. "உன் கல்யாணத்துக்கு விடிய விடிய வாசிக்கிறேன்டி. ஆனா மாப்பிள்ளைக்கு ஆடத் தெரியணும்!" என்று சிறுமி மோத்ரியாவைச் சீண்டுவார். அவளுக்குப் பன்னிரண்டு வயதானபோது ஜெர்மன்காரர்களும் நம்மூர்ப் போலீசும் சேர்ந்து ஊரிலிருந்த யூதர்கள் அத்தனை பேரையும் களிமண் பள்ளத்துக்கு ஓட்டிக்கொண்டு போய்ச் சுட்டார்கள். வைக்கோல் பரணில் படுத்தபடி அவள் பார்த்தாள். லெய்பல் தன் மகள் த்ஸீர்லின் கையைப் பிடித்திருந்தார். பாவிகள்! பிறகும் யாரும் அங்கே ஒரு நினைவுக்கல்கூட நடவில்லை. கல்யாணமாகி அவள் இந்தப் பேச்சை எடுக்கப்போனபோது, "வாயத் திறந்தே, தொலைச்சிருவேன்" என்றான் முதல் புருஷன். அந்த வாயாடி இதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

"இந்தத் தடவை அவங்கள அழைக்காம கல்யாணம் கெடையாது. கூட வந்தா வா. இல்லாட்டி உன் தேனீங்களோடயே குடித்தனம் பண்ணு."

ஓனிஸ்கோ தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். அவள் வழி சொல்லவில்லை. புதர் மண்டிய பாதையில் அவராகவே இடப்பக்கம் திரும்பி, ஒரு மேட்டருகே நின்றார்.

"இங்கதான். அவங்க மேல மண்ணு தள்ள என்னை இழுத்துட்டு வந்தாங்க, மோத்ரியா. அப்ப எனக்குப் பதினஞ்சு வயசு."

சொல்லிவிட்டு விக்கி விக்கி அழுதார். அவளுக்கும் பொங்கிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷமாக ஒரே ஊரில் இருந்துகொண்டு இரண்டு பேரும் இதைத் தனித்தனியாகச் சுமந்திருக்கிறார்களே! முந்தானை போலத் தொங்கிய தலைத்துணியின் நுனியை அவரிடம் நீட்டினாள்.

"மூக்கச் சிந்துய்யா. அழைக்க வந்த எடத்துல இப்படியா நிப்பே?"

ரொட்டியைப் புல்மேல் வைத்தாள். "லெய்பல் மாமா, த்ஸீர்ல், எல்லாரும் வந்துரணும். ஞாயித்துக்கிழமைதான் வச்சிருக்கோம். சனிக்கிழமை உங்க ஓய்வுநாள், நீங்க பிடிலத் தொடமாட்டீங்கன்னு தெரியாதா எனக்கு? ஒரே ஒரு குறை, மாப்பிள்ளைக்கு ஆட வராது."

"யாரு சொன்னா?" என்றார் ஓனிஸ்கோ, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

ஞாயிற்றுக்கிழமை அக்கார்டியன்காரன் பக்கத்தில் பூப்போட்ட துணி விரித்த ஒரு பெஞ்சு காலியாகக் கிடந்தது.

"இது யாருக்கு?" என்று கேட்டாள் ஹொர்ப்பினா.

ஊர் முழுக்கக் கேட்கும்படி மோத்ரியா ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். பிறகு ஹொர்ப்பினா எழுந்து, அந்தப் பெஞ்சில் இரண்டு கோப்பை நிரப்பி வைத்தாள். அக்கார்டியன் தொடங்கியது. ஓனிஸ்கோ கரடி மாதிரிக் குதித்தார். கல்யாணப்பெண்ணின் காலை நாலு தடவை மிதித்தார்.

"பாருங்க மாமா," என்று பெஞ்சைப் பார்த்துக் கத்தினாள் மோத்ரியா, "ஆடுறாரு!"