முடிஞ்சவர்களுக்கு ஒரு குறுஞ்செய்தி

எங்கள் தெருத் தையல்காரம்மா ஒருவரை ஒருமுறைதான் அளவெடுப்பார். மறுபடி டேப்பைக் கையில் எடுத்தால், வந்தவர் தடித்துவிட்டார் என்று அர்த்தம். வாயால் சொல்லும் பழக்கமில்லை. பாதித் தெருவின் தோளும் கழுத்தும் இடுப்பும் ஒரு கம்பெனி வாடகைக்கு விட்ட மென்பொருளுக்குள் இருந்தன.

அதில் ஒவ்வொருவருக்கும் 'நிலை' என்று ஒரு கட்டம். துணி தைத்தாகிவிட்டால் தையல்காரம்மா அதில் "முடிஞ்சுது" என்று தட்டுவார். ஆள் இறந்துவிட்டாலும் "முடிஞ்சுது" என்றே தட்டுவார். அவர் வாய்க்கு இரண்டும் ஒரே சொல். கேட்கிற நமக்கு எதுவென்று புரியும். மென்பொருள் எந்த இழவு வீட்டுக்குப் போயிருக்கிறது? மாதம் பிறக்கும்போதெல்லாம் முடிஞ்சவர்கள் எல்லோருக்கும் அது செய்தி அனுப்பியது: "முடிந்துவிட்டது. நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும்."

இறந்தவர்களின் போன்கள் மகன் சட்டைப்பையிலும் மருமகள் மேசையிலும் சிணுங்கின. ரொட்டிக் கடைக்காரர் தன் அப்பாவின் போனோடு வந்தார்.

"ஏம்மா, எங்கப்பாவ எங்க வரச் சொல்றீங்க? அவரு பாட்டுக்குக் கிளம்பி வந்துட்டா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அடுத்த துணியை வேறு கடையில் கொடுத்தார். ஒவ்வொருவராக அம்மா கடையைத் தவிர்த்துத் தெருவின் எதிர்ப்பக்கம் நடக்கத் தொடங்கினார்கள். அந்தப் பக்கம் நிழலே கிடையாது.

அம்மா கம்பெனிக்குப் போன் போட்டார்.

"பேரை நீக்குற வசதி உங்க பிளான்ல இல்ல மேடம்."

"செத்தவங்கப்பா!"

"அப்கிரேட் பண்ணுங்க மேடம்."

"செத்தவங்கள இதுக்கு மேல எப்படிப்பா அப்கிரேட் பண்றது?"

கணக்கையே மூடிவிடலாம் என்றால், மூடினால் அளவெல்லாம் அழிந்துபோகும் என்றார்கள். வைத்திருந்தால் வாடிக்கையாளர் போவார்கள். விட்டால் அளவுகள் போகும். எப்படிப் பார்த்தாலும் கடை போகும்.

கணினி வேலை பார்க்கும், அம்மாவின் அக்கா மகள் வந்து திரையைக் குடைந்தாள்.

"சித்தி, மூடறதுக்கு முந்தி அளவையெல்லாம் வெளிய எடுத்துருவோம். ஓப்பன் சோர்ஸ் டேட்டாபேஸ் ஒண்ணு போட்டுத் தர்றேன். வாடகை இல்ல. நம்ம கணினியிலயே இருக்கும். எவனும் பூட்ட முடியாது, வேணுங்கற மாதிரி மாத்திக்கலாம்."

"யாருடி செஞ்சது?"

"யார் யாரோ. உலகம் பூரா இருக்காங்க."

"மூஞ்சி தெரியாது, கூலி கேக்காது, வேலை மட்டும் நடக்குது. பேயாடி?"

"பேய்னே வெச்சுக்கோ. ஆனா இந்தப் பேயோட வயித்தப் பிரிச்சு உள்ள பாக்கலாம். உன் கம்பெனிப் பேய் காட்டுமா?"

அளவுகள் பத்திரமாக வந்து சேர்ந்தன. 'காலமானவர்' என்று தனிக் கட்டம் ஒன்றைப் போட்டாள். அதில் இருப்பவர்களுக்குச் செய்தி போகாது. பழைய கணக்கு மூடப்பட்டது. அடுத்த மாதம் தெருவில் அமைதியாகப் பிறந்தது. ரொட்டிக் கடைக்காரர்கூட ஒரு சட்டைத் துணியோடு திரும்பி வந்தார்.

அன்றுதான் பூட்டுக்கடைக்காரரும் வந்தார். மனைவியை இழந்து ஓராண்டாகிறது. அந்தம்மாவுக்கு வெட்டிய நீலக் கவுன் பாதித் தையலோடு அலமாரியில் கிடந்தது. கையில் மனைவியின் போன்.

"மன்னிச்சிருங்கண்ணா, இனிமே மெசேஜ் வராது."

"அதத்தான் கேக்க வந்தேன். இந்த மாசம் ஏன் வரலைன்னு வீட்டுல கேக்குறாங்க."

'வீட்டுல' என்று ஓர் ஆண் சொன்னால் அது யார் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. அவர் வீட்டில் வேறு யாரும் இல்லை என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

அம்மா டேட்டாபேஸைத் திறந்து அளவைப் பார்த்து, கவுனைத் தைத்து முடித்தார். அந்த ஒரு எண்ணுக்கு மட்டும் செய்தி போக அக்கா மகள் வழி செய்தாள். கம்பெனியாக இருந்தால் இதற்கும் ஒரு பிளான் வைத்திருப்பார்கள். செய்தி போன கையோடு பூட்டுக்கடைக்காரர் வந்து வாங்கிப் போனார்.

ஒரு வாரத்தில் திரும்பக் கொண்டுவந்தார்.

"வீட்டுல போட்டுப் பாத்தாங்க. இடுப்பு லூஸா இருக்காம்."

அம்மா கவுனை விரித்தார். முழங்கை மடிப்பில் சுருக்கங்கள் இருந்தன. மடித்து வைத்தால் அந்த இடத்தில் சுருக்கம் விழாது. உடுத்திக் கையை மடக்கினால்தான் விழும். கழுத்துப் பட்டையில் ஒரு நரைமுடி. பூட்டுக்கடைக்காரருக்கோ முழு வழுக்கை.

"எவ்வளவு லூஸாம்?"

"ரெண்டு விரல் இருக்கும்."

அம்மா கணினிப் பக்கம் நகர்ந்தார். காலமானவர் கட்டத்தில் அந்தப் பெயரைத் தேடி, பழைய இடுப்பளவை அழித்துப் புதியதைத் தட்டினார். டேட்டாபேஸ் மறுகேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டது.

அவர் போனதும், பக்கத்தில் நின்று பார்த்த அக்கா மகளுக்குக் குரல் இறங்கிவிட்டது. "சித்தி, காலமானவங்க அளவையெல்லாம் இனி யாரும் மாத்த முடியாதபடி பூட்டிரட்டுமா? ஒரு நிமிஷ வேலை."

அம்மா கவுனின் பக்கத் தையலைப் பிரிக்க ஆரம்பித்திருந்தார்.

"வேணாம்டி. அந்தம்மா இன்னும் இளைச்சா என்ன பண்றது?"