முந்திரித்தோப்பில் மடி உதறிய நாள்

முந்திரிப்பழம் பிடிக்கும் என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. மூக்குக்கு வாசனை, தொண்டைக்கு வினை. ரெண்டு பழம் தின்றால் கரகரவென்று பிடித்துக்கொள்ளும். உப்புத் தொட்டுத் தின்றால் சரியாகிவிடும் என்பார்கள், ஆகாது. சாறு சட்டையில் பட்டால் சட்டை கிழிகிறவரைக்கும் கறை இருக்கும். இந்தப் பழத்தைப் பறித்துத் தின்பதற்காக எங்கள் குடும்பம் வருஷா வருஷம் பங்குனியிலோ சித்திரையிலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய்க்கொண்டிருந்தது. நான் ஆரம்பப் பள்ளியில் படித்த காலத்திலிருந்து விருத்தாசலம் காலேஜில் பி.யூ.சி. படித்த வருஷம் வரைக்கும் இது தவறவில்லை. ஒவ்வொரு தடவையும் நான் வேண்டாவெறுப்பாகத்தான் போனேன்.

தோப்பு அம்மாவின் தம்பியுடையது. கம்மாபுரம் போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, செம்மண் பாதையில் வெயிலோடு நடந்து போக வேண்டும். அம்மாவின் அப்பா வைத்த மரங்கள். அவர் செத்ததும் தோப்பு முழுசும் மாமா கைக்கு வந்தது. அக்காவுக்கு என்ன என்று ஊரில் யாரும் கேட்கவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. வருஷத்தில் ஒரு நாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து வேண்டிய மட்டும் பழம் பறித்துக்கொண்டு போகலாம் என்பது மட்டும் யாரும் சொல்லாமலே நடந்துகொண்டிருந்தது.

முந்திரித்தோப்பில் பழத்துக்கு மதிப்பில்லை. கொட்டைக்குத்தான் விலை. பழத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அடியில் தொங்குகிற கொட்டையைத் திருகி தோப்புக்காரர் குவியலில் போட்டுவிட வேண்டும். கூலிக்குக் கொட்டை பொறுக்க வருகிற பெண்கள் சாயங்காலம் வெளியே போகும்போது, வேலி வாசலை அடைக்கிற முள்ளுப் படல் இருக்கிற இடத்தில் நின்று, புடவை மடியை அவிழ்த்து உதறிக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். ஒரு கொட்டைகூட உள்ளே ஒளிந்திருக்கக் கூடாது. உதறியவர்களுக்கு, பொறுக்கிய கொட்டையை மரக்காலால் அளந்து அந்த இடத்திலேயே கூலி. சொந்தக்காரர்கள் உதற வேண்டாம். அவர்களுக்குக் கூலியும் கிடையாது. அந்தப் பக்கத்துத் தோப்புகள் எல்லாவற்றிலும் இதுதான் வழக்கம்.

அம்மாவுக்கு இந்த ஒரு நாள் ஏன் அத்தனை முக்கியம் என்பதைச் சொல்லாமல் போனால் மற்றது விளங்காது. விருத்தாசலத்தில் பீங்கான் செய்கிற இடங்கள் பெருகிக்கொண்டிருந்த காலம் அது. அப்பா ஒரு சூளையில் வேலை பார்த்தார். அம்மா அதே இடத்தில் களிமண் சுமந்தாள். வாரத்தில் ஆறு நாள் அவளை எல்லாரும் 'ஏம்மா' என்றுதான் கூப்பிட்டார்கள். சூளை மேஸ்திரி 'ஏய்' என்றும் கூப்பிடுவான். வருஷத்தில் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அவள் தோப்புக்காரர் வீட்டுப் பெண். படலைத் தாண்டி உள்ளே போகும்போது நடையே மாறிவிடும். குனியாமல் நடப்பாள். கூலிக்காரப் பெண்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். இதற்காகத்தான் அவள் வந்தாள். பழம் அவளுக்கும் பிடிக்காது.

அப்பாவுக்கு இதெல்லாம் எரிச்சல். கல்யாணமான புதிதில் மாமா வீட்டில் இவருக்கு மட்டும் தரையில் இலை போட்டு, இன்னொருத்தருக்கு பெஞ்சில் போட்டார்களாம். அதிலிருந்து தோப்புக்கு வந்தாலும் படலுக்கு வெளியே புளிய மரத்தடியில் உட்கார்ந்து பீடி குடிப்பாரே தவிர உள்ளே வர மாட்டார்.

"உன் தம்பி ஜமீனுக்குள்ள நான் எதுக்கு? நீ போய் ஆண்டுட்டு வா" என்பார்.

"வராதவரு வூட்டுலயே இருந்திருக்கலாம் இல்ல" என்பாள் அம்மா.

"வூட்டுல இருந்தா சோறு யார் போடறது?"

நான் பி.யூ.சி. படித்த வருஷம் பரிட்சை நெருங்கியிருந்தது. வரமாட்டேன் என்றேன். எங்கள் வம்சத்திலேயே பள்ளிக்கூடம் தாண்டியவன் நான் ஒருத்தன்தான். அது அம்மாவுக்குக் கையில் ஒரு ஆயுதம் மாதிரி.

"வாடா. அந்த வெள்ளச் சட்டையப் போட்டுக்க. படிச்ச புள்ள கூட வந்தா அவங்க ஒரு மாதிரி பாப்பாங்க, வரலன்னா ஒரு மாதிரி பாப்பாங்க."

"கறை ஆயிடும்."

"ஆவட்டும். வேற வாங்கித் தரேன்."

வேறு வாங்க முடியாது என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். போட்டுக்கொண்டு போனேன்.

அன்றைக்குப் படலோரம் ஒரு ஜீப் நின்றிருந்தது. ஏதோ ஆபீசர் ஒருவர் பெண்டாட்டி பிள்ளைகளோடு தோப்பு பார்க்க வந்திருந்தார். என்ன ஆபீஸ் என்று எனக்குத் தெரியாது. மாமா அவர்களுக்கு நாற்காலி போட்டு, இளநீர் வெட்டிக் கொடுத்து, அந்தப் பிள்ளைகளின் கைக்கு எட்டுகிற மாதிரி கிளையைத் தன் கையாலேயே வளைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். பழுத்ததோ பிஞ்சோ பார்க்காமல் பிடுங்கிப் போட்டார்கள். முந்திரிக்காரர்கள் மரத்திலிருந்து பிடுங்க மாட்டார்கள், கீழே விழுந்ததைத்தான் எடுப்பார்கள். பிடுங்கினால் கொட்டை முற்றாமல் வீணாகிவிடும். எங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைகளுக்கே தெரியும். மாமா சிரித்துக்கொண்டே நின்றார். எங்களைப் பார்த்து, "வாக்கா" என்று சொன்னார். அவ்வளவுதான். முகத்தை மறுபடி அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மாமா பெண்டாட்டியை நான் அத்தை என்று கூப்பிட வேண்டும். அவள் என் சட்டையை மேலும் கீழும் பார்த்தாள்.

"தொர கீழ குனிஞ்சு பொறுக்குவாரா, இல்ல பொஸ்தகம் பாத்து பொறுக்குவாரா?"

"குனிஞ்சுதான் பொறுக்குவேன் அத்தை. உங்க வூட்டுல யாரும் குனியறதில்லையா?"

"அண்ணி, ஒங்க புள்ளைக்கு வாய் நீளம்."

"படிக்குது இல்ல, நீளமாத்தான் இருக்கும்" என்றாள் அம்மா. அதில் அவளுக்கு ஒரு சந்தோஷம்.

தனியாக ஒரு பக்கம் போனோம். அம்மா, என் தங்கை, நான். விழுந்து கிடந்த பழங்களை எடுத்துக் கூடையில் போட்டோம், கொட்டையைத் திருகித் திருகி ஒரு மரத்தடியில் குவித்தோம். வெயில் ஏற ஏற ஈ மொய்த்தது. எனக்குப் பரிட்சை ஞாபகம். ஆபீசர் பிள்ளைகள் பழத்தை எறிந்து விளையாடினார்கள், ஒன்று வந்து என் முதுகில் பட்டுச் சட்டை நனைந்தது. அத்தை அவர்களுக்காக ஒரு பையில் கொட்டை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் குவியலிலிருந்தும் ரெண்டு கை அள்ளினாள். அம்மா அதைப் பார்த்தாள், பார்க்காத மாதிரி குனிந்துகொண்டாள்.

சாயங்காலம் ஜீப் முதலில் போயிற்று. மாமா படலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்று கும்பிட்டு அனுப்பினார். அடுத்து கூலிப் பெண்கள் வரிசையாக வந்து உதற ஆரம்பித்தார்கள். ஒருத்தி உதறுவதற்கு நேரமாக்கினாள். அத்தை அவள் மடியைக் கையாலேயே தட்டிப் பார்த்தாள். அந்தப் பெண் பொறுத்துக்கொள்கிறவள் இல்லை.

"ஏம்மா, நாங்கதான் திருடிகளா? ஜீப்புல வந்தவங்க பை நெறைய கொண்டு போறாங்க."

"அவங்க விருந்தாளிங்க. ஒனக்கு எதுக்கு அது?"

"சரி, அவங்க விருந்தாளி. இந்தம்மா?" என்று எங்கள் அம்மாவைக் கை காட்டினாள். "இவங்களும் காலையிலேர்ந்து எங்ககூடத்தான் பொறுக்கறாங்க. மண்ணு தூக்கற கைதான், எங்க கை மாதிரிதான் இருக்குது. இவங்க மட்டும் மடிய கட்டிக்கினு அப்படியே போவாங்களா?"

வரிசையில் ரெண்டு பேர் சிரித்தார்கள். அம்மா தம்பியைப் பார்த்தாள். அவர் சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. 'அது எங்க அக்கா' என்று சொல்லியிருந்தால் முடிந்தது. அத்தை அவருக்கு முந்திக்கொண்டாள்.

"அவ கேக்கறதும் நியாயம்தான் அண்ணி. ஒதறிட்டுப் போயிட்டா ஒருத்தரும் வாய் தெறக்க மாட்டாங்க."

மாமா மரத்தைப் பார்த்தார். பிறகு செருப்பைப் பார்த்தார்.

"ஒதறிட்டுப் போயேன்க்கா. அதுல என்னா இருக்குது" என்றார்.

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா திரும்பிப் பார்க்காமலே கையால் என்னை நிறுத்தினாள். போய் வரிசையின் கடைசியில் நின்றாள். முன்னால் இருந்த பெண்கள் ஒவ்வொருவராக உதறி, கூலி வாங்கிக்கொண்டு, போகாமல் வெளியே நின்று பார்த்தார்கள். அம்மாவின் முறை வந்தது. மடியை அவிழ்த்து மூன்று பக்கமும் நன்றாக உதறினாள். உப்புப் பொட்டலம் ஒன்று விழுந்தது. வேறு ஒன்றும் விழவில்லை.

"பாத்துக்கிட்டியா?" என்றாள் அத்தையிடம்.

"அதான் பாத்தாச்சே. போயிட்டு வாங்க அண்ணி."

அம்மா போகவில்லை. கையை நீட்டினாள், தம்பியிடம்.

"கூலி?"

"என்னா கூலி?"

"ஒதறினவளுக்குக் கூலி உண்டு இல்ல? எங்க அப்பா காலத்துலேர்ந்து அதான் வழக்கம். அந்த மரத்தடியில குவிச்சிருக்குது பார். அளக்கச் சொல்லு."

"அக்கா, சும்மா இரு. நாலு பேர் பாக்கறாங்க."

"நாலு பேர் பாக்கத்தானே ஒதறச் சொன்ன? அளக்கச் சொல்லுடா."

மாமா முகம் அப்போதுதான் எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவருக்கும் புரிந்துவிட்டது. உதறச் சொன்னபோது அத்தையும் யோசிக்கவில்லை, அவரும் யோசிக்கவில்லை. உதறச் சொல்லிவிட்டுக் கூலி கொடுக்காமல் அனுப்பினால் நாளைக்கு ஒரு பெண்ணும் அந்தத் தோப்புக்கு வேலைக்கு வர மாட்டாள், அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கூலி கொடுத்தால் கூடப் பிறந்தவளுக்கு அவள் அப்பன் வைத்த மரத்தடியில் கூலி அளந்தவர் என்று ஊர் முழுக்கப் பேர் ஆகும்.

"அண்ணி, நான் ஏதோ வாய் தவறி..." என்று அத்தை ஆரம்பித்தாள். "வாங்க, வூட்டுக்கு வந்து ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க."

"கூலிக்காரிக்கு எதுக்கு டீ? பஸ்ஸுக்கு நேரமாவுது."

கேள்வி கேட்ட அந்தப் பெண்ணுக்கே முகம் சுருங்கிவிட்டது. "நான் ஒன்னும் இதுக்குச் சொல்லல தாயி" என்றாள்.

"நீ சரியாத்தான் சொன்ன" என்றாள் அம்மா.

தோப்பு மேஸ்திரி மரக்காலை எடுத்துக்கொண்டு மாமாவைப் பார்த்தான். மாமா தலையை ஆட்டினார். எங்கள் குவியலை அளந்தார்கள். அளந்து முடிகிறவரைக்கும் அம்மா கையை மடக்கவில்லை. மாமா கூலியை அவள் கையில் போடாமல் மேஸ்திரியிடம் கொடுத்தார், அவன் கொடுத்தான். அம்மா வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, பழக்கூடையை என் தலையில் தூக்கி வைத்தாள். பழம் யாருக்கும் உண்டு, கூலிக்காரிக்கும் உண்டு.

புளிய மரத்தடியிலிருந்து அப்பா எல்லாவற்றையும் பார்த்திருந்தார். பாதையில் நடக்கும்போது அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"ஜமீன்ல சம்பளமும் குடுக்கறாங்களா? தெரிஞ்சிருந்தா நானும் உள்ள வந்திருப்பேனே."

"சிரிக்காத" என்றாள் அம்மா. "ஒனக்கு என்னா, பொறந்த வூடு போவல. எனக்குத்தான் போச்சு."

அப்பா அதோடு வாயை மூடிக்கொண்டார். நான் மூடவில்லை. பஸ்ஸில் வரும்போது மாமாவை அவன் இவன் என்று திட்டிக்கொண்டே வந்தேன். பெண்ணுக்கும் சொத்தில் பாத்தியம் உண்டு என்று சட்டம் வந்துவிட்டது, காலேஜில் சொன்னார்கள், கேஸ் போடலாம் என்றேன். தங்கை ஒரு பழத்தை எடுத்துக் கடித்தாள். அம்மா அதைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்தாள். பஸ் ஸ்டாண்டு வந்ததும் கூடையைக் கீழே வைத்துவிட்டு நடந்தோம். எடுத்துக்கொண்டு வா என்று யாரும் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் முந்திரிக் காலத்தில் தோப்பு மேஸ்திரி எங்கள் வீட்டுக்கு வந்தான். வாசலிலேயே நின்றான்.

"அக்காவ புள்ளைங்களோட வரச் சொன்னாரு."

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தவில்லை.

"வேலைக்கு ஆள் பத்தலையா?"

"அதுக்கு இல்லீங்க. சும்மா வந்துட்டுப் போவச் சொன்னாரு."

"சும்மா வர்றதுக்கு நான் யாரு? வேலைன்னா வரேன், கூலி என்னான்னு கேட்டுட்டு வா. இல்ல, என் தம்பிய வந்து கூப்பிடச் சொல்லு. எங்க அப்பா பொண்ண கூப்பிடற மாதிரி கூப்பிடச் சொல்லு."

மேஸ்திரி என்னைப் பார்த்தான். அவன் அந்தப் பதிலை அப்படியே கொண்டுபோய்ச் சொல்ல வேண்டும் என்றுதான் விரும்பினேன். சொல்லியிருப்பான்.

மாமா வரவில்லை. மறுபடி ஆளும் அனுப்பவில்லை. எனக்கு அது பெரிய நிம்மதி, இனி ஒரு ஞாயிற்றுக்கிழமையும் வீணாகாது. அம்மா மட்டும் அந்தச் சித்திரை மாசத்து ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்குப் போகவில்லை, கோயிலுக்குப் போகவில்லை, பக்கத்து வீட்டு வளைகாப்புக்குக்கூடப் போகவில்லை. கேட்டதற்கு, துவைக்கத் துணி கிடக்குது என்றாள். தெரு பார்த்தாற்போல் உட்கார்ந்துதான் துவைத்தாள்.