மண்ணில் இறங்கிய ஸ்டாண்டு

எங்கள் பழைய கார் ஆவடி மேம்பாலத்தில் பாதி ஏறி நின்றுபோனது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்ஜின் கத்தியதே தவிர வண்டி நகரவில்லை. உள்ளே கருகல் நாற்றம். பின்னால் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. யார் யாரோ ஓடிவந்து தள்ளி ஓரங்கட்டினார்கள்.

"கிளட்ச் பிளேட் தேஞ்சி போச்சி," என்றார் என் வீட்டுக்காரர். "நானே மாத்திடுறேன்."

அவர் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். நான் தயங்கியதைப் பார்த்துச் சிரித்தார். "தெனம் இத்த விட பெரிய மிஷினெல்லாம் பிரிச்சி மாட்டிக்கினு கீறேன். நீ இன்னாமே, எதுக்கெடுத்தாலும் பயந்துகினு."

உண்மைதான். சிலிண்டர் மாற்றப் பயம், ரயிலில் வாசல் பக்கம் நிற்கப் பயம். அவருடைய சொந்தக்காரர்கள் கூடினால் என் பயத்தைச் சொல்லித்தான் சிரிப்பார்கள். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

வண்டியைக் கயிறு கட்டி வீட்டுக்கு இழுத்துவந்தோம். மறுநாள் அவருக்கு வார விடுமுறை. பையன் பள்ளிக்கூடம் போயிருந்தான். திருநின்றவூரில் நாங்கள் மனை வாங்கிக் கட்டிய வீடு அது. முன்பு நெல் விளைந்த நிலம். இரண்டு நாள் மழை பெய்து விட்டிருந்தது. காரின் முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, இரண்டு இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் உட்கார வைத்தார். வலது ஸ்டாண்டு சிமெண்ட் தளத்தில் நின்றது. இடது பக்கம் தளம் கிடையாது, மண். காலால் நாலு மிதி மிதித்துப் பார்த்து, ஒரு பிளைவுட் துண்டைப் போட்டு அதன்மேல் ஸ்டாண்டை வைத்தார். முன் சக்கரங்கள் இரண்டையும் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டு காருக்கு அடியில் போய்ப் படுத்தார்.

நான் இடது பக்கம் குந்தி டார்ச் பிடித்தேன். கியர் பாக்ஸை இறக்கினால்தான் கிளட்ச் தெரியுமாம். அதற்கு அடியில் இன்னொரு ஜாக்கியைக் கொடுத்து, ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். பிளைவுட்டின் ஒரு மூலை மண்ணுக்குள் போயிருந்தது. முதலிலேயே அப்படித்தான் இருந்ததா என்று சந்தேகம். உற்றுப் பார்த்தேன். ஓரத்தில் சேற்றுத் தண்ணீர் கசிந்தது. சொல்லலாமா? சொன்னால், "ஆரம்பிச்சிட்டியா" என்பார். டார்ச் வெளிச்சம் என் கையில் ஆடியது. "நேரா காட்டுமே," என்றார். நேராகக் காட்டினேன். கடைசி இரண்டு போல்ட்டும் கழன்றன. அதுவரை நான் பேசவில்லை.

பிளைவுட் பட்டென்று முறிந்தது. கார் இடது பக்கம் ஒரு சாண் இறங்கிச் சாய்ந்தது. கியர் பாக்ஸ் ஜாக்கியிலிருந்து நழுவி அவர் நெஞ்சின் மேல் உட்கார்ந்தது.

அவர் கத்தவில்லை. காற்று போகிற மாதிரி ஒரு சத்தம், பிறகு மிகச் சன்னமாக, "சக்கரம்... சக்கரத்த அடியில தள்ளு."

ஸ்டாண்டு இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. சுவரோரம் ஓடி ஒரு சக்கரத்தை உருட்டிவந்து படுக்க வைத்து, காரின் விளிம்புக்கு அடியில் தள்ளினேன். இடைவெளி நிறைய இருந்தது. இரண்டாவதைத் தூக்கி அதன்மேல் போட்டேன். எப்படித் தூக்கினேனோ தெரியாது. தொண்டை கிழியக் கத்திக்கொண்டே இருந்திருக்கிறேன். எதிர்வீட்டு அக்கா மாவுக் கையோடு ஓடிவந்தாள்.

"ஐயோ, இன்னாமே ஆச்சி?"

"அக்கா, அவரு உள்ள கீறாரு!"

ஸ்டாண்டு சாய்ந்து விழுந்தது. கார் 'தொம்'மென்று சக்கரங்களின் மேல் உட்கார்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவர் கால் விரல்கள் அசைந்தன.

அக்கா ஒரு கடப்பாரையைக் கொண்டுவந்து கியர் பாக்ஸுக்குக் கீழே நெம்பினாள். அவர் உடம்பைத் திருகி அதை ஒரு பக்கமாகச் சரித்தார். நான் இரண்டு காலையும் பிடித்து வெளியே இழுத்தேன். சட்டை கிழிந்து, நெஞ்சில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். குடிக்கும்போது டம்ளர் பல்லில் மோதி மோதிச் சத்தம் போட்டது. பத்தொன்பது வருடத்தில் அவர் நடுங்கி நான் பார்த்தது அன்றுதான்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். விலா எலும்பில் ஒரு கீறல், வேறொன்றுமில்லை. மறுநாள் வந்த மெக்கானிக் பள்ளத்தைப் பார்த்துவிட்டு, "மண்ணு மேலயா ஸ்டாண்டு வச்சே அண்ணாத்தே? உசிரு கெட்டிதான் உனுக்கு," என்றார். தடிமனான பலகைகள் போட்டு, மாலைக்குள் வேலையை முடித்தார். கழற்றிய பிளேட்டைக் கையில் கொடுத்தார்; வழவழவென்று தேய்ந்து ஆணித்தலைகள் தெரிந்தன.

அன்று இரவு அவர் கேட்டார். "எறங்கறத எப்ப பாத்தே?"

"ஒடைஞ்சப்பதான்," என்றேன்.

"நல்ல நேரம், நீ பக்கத்துல இருந்தே."

இப்போது சொந்தக்காரர்கள் கூடினால் வேறு கதை சொல்கிறார். "இவ இல்லன்னா நான் இல்ல. இன்னா தெகிரியம்!" என்கிறார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள். அந்த இரண்டு போல்ட் கழன்ற நேரத்தை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.