வெளிநாட்டவர் கையிலுள்ள உண்டியல்கள்

இரண்டு நாட்டுக் கடனைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதும் ஒரு பிழைப்புத்தான். கண்டியில் ஒரு முதலீட்டு நிறுவனத்தில் இருக்கிறேன். அரசாங்கம் குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கும்போது கொடுக்கிற திறைசேரி உண்டியல்களை விற்கிறோம். அவற்றில் வெளிநாட்டு முதலீட்டாளர்களிடம் இருப்பது இலங்கையில் எவ்வளவு, மலேசியாவில் எவ்வளவு என்று மாதாமாதம் ஒப்பிட்டு ஒரு பக்கம் எழுதுவது என் பொறுப்பு. அட்டவணை போட்டுச் சம்பளம் வாங்குகிறவர்களே, என் பாடு உங்களுக்குத்தான் விளங்கும்.

அக்குறணையில் சாத்திய கதவு

வியாபாரிகளுக்கு விளக்கம் சொல்ல, கண்டிக்குப் பக்கத்து ஊரான அக்குறணைக்குப் போயிருந்தேன். கொடுத்த தாளின் தலைப்பு, "வெளிநாட்டவர் வசமுள்ள உண்டியல்கள்". தாள் கைமாறக் கைமாற மண்டபம் அமைதியாகிவிட்டது. ஒருவர் எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்தினார். வங்கிக்குப் போகாமல் வெளிநாட்டுக் காசைக் கள்ளமாக ஆள்மூலம் கைமாற்றுவதற்கும் உண்டியல் என்றுதான் பெயர் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவசர அவசரமாக, இது அரசாங்கத்தின் உண்டியல் என்றேன். முன்வரிசையில் இருந்த இரும்புக்கடை ஹாஜியார் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அரசாங்கமும் உண்டியல் செய்யுதா மகள்?"

வாவிக் கரையில் விளங்கியது

கண்டி வாவிக்கு அருகே வீட்டு அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் எங்கள் வாடிக்கையாளர். வெளிநாட்டவர் ஏன் மூன்று மாத உண்டியலை விரும்புகிறார்கள், வட்டி குறைந்தால் ஏன் உடனே போய்விடுகிறார்கள் என்று அரை மணி நேரம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"ஓம் பிள்ளை, வரேக்கையே திரும்பிப் போற டிக்கெட்டோட வாற ஆக்கள். எனக்கு விளங்காதோ?"

கடுகண்ணாவைக்கு ஒரு பயணம்

எங்களிடம் உண்டியல் வாங்கியிருக்கும் செல்லையா ஐயா கடுகண்ணாவைக்காரர்; ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் என் அட்டவணையை மடித்து எடுத்துக்கொண்டு வந்தார். "மலேசியாவோட பாத்தா நம்மகிட்ட வெளிநாட்டுக்காரங்க ரொம்பக் கொஞ்சமாத்தான் வச்சிருக்காங்க. வீட்டுல பயப்படுறாங்க. இந்த முறை என் உண்டியலப் புதுப்பிக்க வேணாம்" என்றார்.

அவர் போனபிறகு சந்தேகப்பட்டு எண்களைத் திரும்பப் பார்த்தேன். மலேசியாவின் நிரலில் நீண்டகாலக் கடன் பத்திரங்களும் சேர்ந்திருந்தன. நம்முடையதில் குறுகியகாலம் மட்டும். பிழை முழுக்க என்னுடையது. "அடுத்த மாசம் ஒரு அடிக்குறிப்புப் போடலாமே" என்றார் மேலாளர். எனக்கு மனம் கேட்கவில்லை.

மறுநாள் காலை திருத்திய தாளோடு கடுகண்ணாவைக்குப் பஸ் ஏறினேன். ஐயா கதிரையில் உட்கார்ந்து அதை இரண்டு தரம் வாசித்தார். "வித்தியாசம் குறைந்திருக்கிறது. ஆனாலும் நம்முடையது கொஞ்சம்தான். முடிவு உங்களுடையது" என்றேன். "இந்தப் பிழைய யாரு கண்டுபிடிச்சா?" என்று அவர் மனைவி கேட்டார். நானேதான் என்றேன். அவர் பால் விடாத பிளேன்டீயையும் கருப்பட்டித் துண்டையும் என் முன்னால் வைத்துவிட்டுக் கணவரிடம் திரும்பினார்:

"தப்பைச் சொல்லப் பஸ் ஏறி வந்த புள்ளகிட்ட காசு இருந்தா இருந்துட்டுப் போகட்டும்ங்க."

வெளிநாட்டு முதலீட்டாளர் எப்போது வருவார், எப்போது போவார் என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. கடுகண்ணாவை பஸ் நேரம் மட்டும் மனப்பாடம்.