கழுத்து மடிப்பில் எழுதிய எண்

பகல் பன்னிரண்டு ஐம்பத்திரண்டு. நேரத்தை உறுதியாகச் சொல்கிறேன். அந்த அழைப்பை என் கைத்தொலைபேசியிலிருந்து இன்னும் அழிக்கவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் என் அலுவலகத்துக்குக் கீழே உள்ள கடையில் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். இலையில் சோறு வைத்துவிட்டார்கள், குழம்பு இன்னும் வரவில்லை. தெரியாத எண். கிள்ளானில் ஒரு கிளினிக்கிலிருந்து பேசுவதாக ஒரு பெண் சொன்னார். என் மகளின் பெயரைச் சொல்லி, அவளுடைய அப்பாவா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பள்ளி உடுப்பில் இருந்த பிள்ளையை மோட்டார் சைக்கிள் இடித்துவிட்டது, மூச்சு சீராக இருக்கிறது, ஆனால் கேட்டால் பதில் சொல்லமாட்டேன் என்கிறாள், உடுப்பின் உள்பக்கம் பெயரும் இந்த எண்ணும் இருந்தன, உடனே வாருங்கள் என்றார்.

என் மகள் படிப்பது சுபாங் ஜெயாவில், மூன்றாம் படிவம், பதினைந்து வயது. அன்று காலை வலைப்பந்துப் போட்டிக்காகப் பள்ளிப் பேருந்தில் கிள்ளானுக்குப் போயிருந்தாள். அதனால் எனக்குச் சந்தேகமே எழவில்லை.

அந்த எழுத்து என்னுடையது. எங்கள் வீட்டில் துணி துவைப்பது, மடிப்பது, பொத்தான் தைப்பது எல்லாம் என் வேலை. மனைவிக்கு மாறி மாறி வரும் ஷிஃப்ட். மகள் பாலர் பள்ளிக்குப் போன முதல் நாளிலிருந்து அவளுடைய ஒவ்வோர் உடுப்பிலும் அழியாத மையில் பெயரையும் என் தொலைபேசி எண்ணையும் எழுதிவிடுவேன். சாக்ஸில்கூட எழுதியிருக்கிறேன். “நான் என்ன பஸ்ல மறந்துட்டுப் போற குடையாப்பா?” என்று ஒருமுறை கேட்டாள். சிரித்தேன். எழுதுவதை நிறுத்தவில்லை. எதற்காக எழுதினேனோ அது நடந்துவிட்டது என்று, கூட்டரசு நெடுஞ்சாலையில் கார் ஓட்டிக்கொண்டு போகும்போது திரும்பத் திரும்பத் தோன்றியது.

அவளோடு போயிருந்த ஆசிரியையை நான்கு முறை அழைத்தேன். எடுக்கவில்லை. மனைவியை அழைக்கவில்லை. பார்க்காமல் என்ன சொல்வது? ஷா ஆலம் அருகே வாகனங்கள் நின்று நின்று நகர்ந்தன. முன்னால் போன லோரியின் எண்ணை நான் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்ததை, பக்கத்து காரில் இருந்தவர் பார்த்த பார்வையில்தான் உணர்ந்தேன்.

கிளினிக்கில் திரைச்சீலைக்குக் கீழே முதலில் பாதங்கள்தான் தெரிந்தன. வெள்ளை சாக்ஸ், ஒரு காலில் மட்டும் சப்பாத்து. சின்னப் பாதம். என் மகளுக்கு இப்போது என் மனைவியின் சப்பாத்தே பிடிக்கிறது. முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது, இது அவள் இல்லை. சுவரில் சாய்ந்து நின்றேன். அப்போது எனக்கு வந்த நிம்மதியை நினைத்தால் இன்றும் கூசுகிறது. உள்ளே படுத்திருந்ததும் ஒரு பிள்ளைதானே.

தாதி திரையை விலக்கி, “அப்பா வந்துட்டாரும்மா” என்றார். அந்தப் பிள்ளை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. தாதியைப் பார்த்தது. இடித்ததிலிருந்து அது பேசிய முதல் வார்த்தை அதுதானாம்: “இது யாரு?”

பதிமூன்று வயதிருக்கும். முகவாயில் தையல், முழங்கையில் சிராய்ப்பு. பிற்பகல் பள்ளிக்கு நடந்து போகும்போது இடித்திருக்கிறது. சட்டையில் குத்தியிருந்த பெயர் அட்டை உடைந்துவிட்டது, புத்தகப் பையை யாரும் எடுத்து வரவில்லை. தோளைப் பார்ப்பதற்காக, சட்டைக்கு மேல் போடும் கையில்லாத பினஃபோரைத் தளர்த்தியபோதுதான் தாதி கழுத்து மடிப்பில் என் எழுத்தைக் கண்டிருக்கிறார்.

அந்த இளநீலப் பினஃபோரை எனக்குத் தெரியும். கீழ் விளிம்பில் வரிசையாக இரண்டு மடிப்புத் தடம் இருந்தது. என் மகள் வளர வளர நான் பிரித்து இறக்கிய தடம். அதை இப்போது யாரோ நேர்த்தியாக மறுபடி ஏற்றித் தைத்திருந்தார்கள்.

கடந்த பள்ளி விடுமுறையில் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் பழைய துணி சேகரித்தார்கள். நான்கு மூட்டை கொண்டுபோனேன். நைந்த துண்டு, கிழிந்த படுக்கை விரிப்பு எல்லாம் ஒரு பக்கம். அவற்றை வெட்டிக் கார் பட்டறைகளுக்குத் துடைக்கும் துணியாக அனுப்புவார்களாம். மறுபடி உடுத்தக்கூடியவை இன்னொரு பக்கம். பள்ளி உடுப்புக்குத் தனி மேசை. அங்கிருந்த அக்கா ஒவ்வொன்றையும் உள்பக்கம் திருப்பிப் பார்த்தார். எண்ணைக் கண்டதும், இதை அழித்துவிட்டுக் கொண்டுவந்திருக்கக் கூடாதா என்று கேட்டார். ஸ்பிரிட்டும் பற்பசையும் போட்டுத் தேய்த்தும் போகவில்லை என்றேன். “அப்ப தொடைக்கிற துணியில போட்டுரவா, பாஸ்?” என்றார். எனக்கு மனம் வரவில்லை. துணி இன்னும் இரண்டு வருடம் தாங்கும். உள்பக்கம்தானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று சொல்லி, நல்ல குவியலில் நானே வைத்தேன். வீட்டுக்கு வந்ததும் காலியான அலமாரியைப் பார்த்துத் திருப்தியாக இருந்தது. அதோடு மறந்துவிட்டேன்.

பிள்ளை என்னிடம் கேட்ட முதல் கேள்வியும் உடுப்பைப் பற்றித்தான். “அங்கிள், ரொம்பக் கிழிஞ்சிருச்சா?” தோள்பட்டைத் தையல் விட்டிருந்தது, அவ்வளவுதான். தைத்துவிடலாம் என்றேன். உடுப்பை வெட்டி எடுக்கக் கத்தரிக்கோலைக் கொண்டுவந்தபோது இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டதாகத் தாதி சொன்னார். “வாயத் தொறக்கல, கைய மட்டும் விடல. நல்ல பிள்ளைதான் போங்க.”

பிள்ளையின் அப்பா லோரி ஓட்டிக்கொண்டு ஜொகூருக்குப் போயிருக்கிறாராம். அம்மாவுக்கு ஷா ஆலத்தில் தொழிற்சாலை வேலை. அம்மாவின் எண் பிள்ளைக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. அழைத்தேன். மணி அடித்து அடித்து நின்றது. வேலை நேரத்தில் அம்மா கைப்பேசியை லாக்கரில் பூட்டிவிட வேண்டும் என்றாள். தொழிற்சாலையின் பெயரைக் கேட்டுத் தேடி, அலுவலகத்தைப் பிடித்து, யார் யாரிடமோ சொல்லி, கடைசியில் ஒருவர் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார். அப்போது நேரம் இரண்டைத் தாண்டியிருந்தது. தலையில் அடிபட்டிருக்க வாய்ப்பில்லை என்றாலும் மருத்துவமனையில் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுவது நல்லது, அதற்குப் பெற்றோர் வேண்டும் என்றார் மருத்துவர். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையசைத்து மறுக்க வேண்டியிருந்தது.

காத்திருந்தோம். பிள்ளை தூங்கிவிடுமோ என்று பயந்து எதையாவது கேட்டுக்கொண்டே இருந்தேன். நடுவில் ஆசிரியை அழைத்தார். பின்னால் விசில் சத்தம். அரையிறுதிக்குப் போய்விட்டார்கள், உங்கள் மகளிடம் பேசுகிறீர்களா என்றார். ஒன்றும் இல்லை டீச்சர், சும்மாதான் அழைத்தேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அவள் குரலைக் கேட்டிருந்தால் அங்கேயே அழுதிருப்பேன்.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் அந்தம்மா வந்தார். தொழிற்சாலை மேலங்கியோடு, தலைமுடி வலையைக்கூடக் கழற்றாமல். என்னைக் கவனிக்கவே இல்லை. மகளின் தலை, கழுத்து, முதுகு என்று விரல்களால் தடவிப் பார்த்தார். தாயும் மகளும் கொஞ்ச நேரம் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி இருந்தார்கள். பிறகு அவர் திரும்பி, நீங்கள் யார் என்று கேட்டார்.

நான் பினஃபோரின் கழுத்தைத் திருப்பிக் காட்டினேன். என்னைத் தேடி நேரம் போய்விட்டது, இந்த எண்ணை அழிக்காமல் கொடுத்தது என் தப்பு, மன்னிக்க வேண்டும் என்றேன்.

அவர் எழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“நானும் அழிக்கத்தான் பாத்தேண்ணே. பிளீச் போட்டும் போவல. அப்புறம் இருந்துட்டுப் போவட்டும்னு விட்டுட்டேன். என் போனு லாக்கர்ல கெடக்கும், அவங்கப்பா ரோட்டுல இருப்பாரு. யாரோ இவ்ளோ பயந்து எழுதி வச்சிருக்காங்க, கூப்புட்டா அவங்க எடுக்காம இருக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்.” மேலங்கிப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்தார். “கீழ என் நம்பரையும் எழுதிக்கிறேன். உங்களோடது இருக்கட்டும்ணே, அழிக்க வேணாம்.”