வேலிக்குக் கீழே படுத்த செடிகள்

ஆப்பிள்கேட் ஆற்றோரத்தில் தலை நிமிர்ந்த கஞ்சாச் செடி என்றால் அது லைல் ஹாஸ்கெட் வளர்த்ததுதான். என்னுடையதற்கு அடுத்தபடியாக என்று சேர்த்துக்கொள்ளுங்கள். எழுத்து எனக்கு அரைகுறை, ஆனால் இந்த விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. லைலும் அப்படித்தான். மர அறுவை ஆலையில் முதுகொடிய உழைத்து ரோட்டோரம் ஒரு மேட்டு நிலத்தை வாங்கினான். வீட்டைத் தானே எழுப்பினான், வேலியைத் தானே அடித்தான். அந்த வேலிக்கு மேலே நாலு செடிகளும் கழுத்தை நீட்டி நிற்கும்.

எங்கள் மாநிலத்தில் வீட்டுக்கு நாலு செடி வளர்க்கலாம், ஆனால் ரோட்டிலிருந்து தெரியக்கூடாது என்று சட்டம் உண்டு. எங்கள் பக்கம் அதை யார் பார்த்தார்கள்? போகிறவர்கள் வண்டியை நிறுத்தி, "என்ன லைல், உச்சியில கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டப்போறியா?" என்று கேலி செய்வார்கள். மனைவி டெல்லா செத்த பிறகு அவனோடு யாராவது பேசினார்கள் என்றால் அது அந்த உயரத்தால்தான். விதையும் அவளுடையது. மூட்டுவலிக்கு எண்ணெயில் காய்ச்சித் தேய்த்துக்கொள்ள அவள் வருஷா வருஷம் எடுத்து வைத்த வகை.

ஜூன் மாதம் மகள் ரோவெனா பக்கத்து மாநிலமான இடாஹோவிலிருந்து போனில் கூப்பிட்டாள். அங்கே கஞ்சா குற்றம். அவள் கணவன் போலீஸ்காரன். தாயின் அடக்கத்துக்குப் பிறகு அவள் அந்த வாசலை மிதிக்கவில்லை.

"செப்டம்பர்ல தொழிலாளர் தின லீவுக்குப் பிள்ளைங்களோட வரலாம்னு இருக்கேன்பா. ஆனா ஒண்ணு. ரோட்டு வளைவுல திரும்பும்போது அந்தச் செடிங்க வேலிக்கு மேல தெரிஞ்சா, வண்டிய அப்படியே திருப்பிருவேன். எந்த போட்டோ எடுத்தாலும் பின்னால அதுதான் நிக்குது. அவர் வேலைக்கே உலை வெச்சிரும்."

"வெட்டிப் போடச் சொல்றியா?"

"நான் எதுவும் சொல்லல. கண்ணுல படக்கூடாது, அவ்வளவுதான்."

வெட்ட அவனுக்குக் கை வரவில்லை. நுனியைக் கிள்ளினாலே காயம் ஆறும்வரை செடி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். காயமே படாமல் வளைத்துக் கட்டுவது என்று முடிவு செய்தான்.

ஆலைக் கூட்டாளி மெர்வின் வேலியில் சாய்ந்துகொண்டு சிரித்தான். "ஏன்டா, நிமிர்ந்து நிக்கிற ஆம்பளைங்களப் போய் குனிய வெக்கிற?"

"கண்ணு அவிஞ்சு போச்சா? நாலும் பொம்பளைச் செடிடா."

"அப்ப தொலஞ்ச. என் பொண்டாட்டிய வளைக்கவே எனக்கு இன்னும் வழி தெரியல!"

மரத்தை அறுத்தே காலம் தள்ளியவன் செய்யக்கூடிய தப்பைத்தான் லைல் முதலில் செய்தான். பலகையை நனைத்தால் வளையும் என்பது ஆலைப் புத்தி. அதை நம்பி விடிந்ததும் நாலுக்கும் வயிறு முட்டத் தண்ணீர் விட்டு, முதல் தண்டை வளைத்தான். மளுக்கென்று பிளந்தது. உயிருள்ள தண்டு தண்ணீர் குடித்தால் விறைத்துக்கொள்ளும். கொஞ்சம் தாகத்தில் இலை தொங்கும்போதுதான் சொன்னபடி வளையும். பிளவை டேப் சுற்றி மூடினான். நல்லவேளை, விரல் முட்டி போல ஒரு முண்டு விழுந்து ஒட்டிக்கொண்டது. மற்ற மூன்றையும் தாகத்தில் வைத்து, நாளுக்குக் கொஞ்சமாகச் சாய்த்து, முளையடித்துக் கம்பியால் கட்டினான்.

தண்டு பருக்கப் பருக்கக் கம்பி அறுத்தது. மெத்தென்று எதுவும் அகப்படாமல், டெல்லா போன நாளிலிருந்து மூடியே கிடந்த இழுப்பறையை இழுத்தான். அவள் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போட்டுப்போகும் நைலான் காலுறைகள் உருண்டையாய்ச் சுருண்டு கிடந்தன. வெகுநேரம் கத்தரியைக் கையில் பிடித்தபடி நின்றான். பிறகு நாடா நாடாவாகக் கத்தரித்தான். தண்டு பருத்தால் நைலானும் கூடவே விரிந்துகொடுத்தது.

செடிகள் குடை விரித்தாற்போலப் படுத்தன. அடியில் நிழலில் சோம்பிக் கிடந்த கிளைகளெல்லாம் வெயிலைக் கண்டதும் எழுந்தன. எது உச்சி என்று சொல்ல முடியாதபடி ஒவ்வொன்றும் ஒரே மட்டத்தில் மொட்டு வைத்தது. நடுவே காற்று புகுந்து போனதால் பூசணம் அண்டவில்லை. அந்த வருஷம் அப்படி ஒரு விளைச்சலை நான் வேறெங்கும் பார்க்கவில்லை; என் வேலிக்குள்ளும் இல்லை, போதுமா?

ஆனால் வண்டிகள் நிற்கவில்லை. பிடுங்கிவிட்டான் என்று நினைத்தார்கள். மெர்வின்கூடக் கையை மட்டும் தூக்கிவிட்டு வேகம் குறைக்காமல் போனான். வானொலியோடு சண்டை போடுவதைத் தவிர லைலின் வாய்க்கு வேலை இல்லாமல் போயிற்று. ஆகஸ்டில் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் ஒரு முடிச்சை அவிழ்த்துவிட்டான். மத்தியானத்துக்குள் அந்தக் கிளை வேலியை எட்டிப் பார்த்தது. இன்னும் ஒரு நாள் விட்டால் யாராவது நிறுத்திக் கேலி பேசுவார்கள். அதையே பார்த்துக்கொண்டு நின்றான். சாயங்காலம் மறுபடி கட்டிவிட்டான்.

லீவு வந்தது. சோளக்கதிர் சுட்டு, பீச் பழப் பணியாரம் வாங்கி வைத்து, வாசலில் நின்றான். வளைவில் ரோவெனாவின் வண்டி தயங்கியது. திரும்பிப் போகவில்லை. உள்ளே வந்து நின்றபோது பின்சீட்டு காலியாக இருந்தது.

"பிள்ளைங்க எங்கம்மா?"

"முதல்ல நான் பாத்துட்டு வரேன்னு அவர்கிட்ட சொல்லிட்டு வந்தேன்." மூக்கை உறிஞ்சினாள். "பிடுங்கலையா நீங்க? ஊரே நாறுது."

"தெரியக்கூடாதுன்னுதானே சொன்ன."

வேலிக்குப் பின்னால் போனவள் அப்படியே குந்திவிட்டாள். காலுறை நாடாவைத் தொட்டாள்.

"இது அம்மாவோடது."

"கம்பி அறுத்துச்சு."

திட்டுவாள் என்று காத்திருந்தான். அவளோ நாடாவுக்கும் தண்டுக்கும் நடுவே ஒரு விரலை நுழைத்துப் பார்த்தாள். "இது இறுக்கமா இருக்குப்பா," என்று அவிழ்த்துத் தளர்த்திக் கட்டினாள். தாயைப் போலவே நாக்கைக் கடித்துக்கொண்டு கட்டினாள்.

பொழுது சாய்வதற்குள் கிளம்பினாள். கண்ணாடியை இறக்கி, "நவம்பர்ல நன்றித் திருநாள் வான்கோழி விருந்துக்குப் பிள்ளைங்களக் கூட்டிட்டு வரேன்," என்றாள்.

"அதுக்குள்ள அறுவடை முடிஞ்சிருமே. வேலிக்குள்ள ஒண்ணும் இருக்காது."

"நீங்க இருப்பீங்கல்ல."

வண்டி வளைவில் மறைந்தது. லைல் அந்த வளைவுவரை நடந்து போய், அங்கிருந்து தன் வீட்டைத் திரும்பிப் பார்த்தான். வெறும் வேலி. உள்ளே ஒருவன் இருப்பதற்கான அடையாளமே இல்லை. பிறகு திரும்பி வந்து, மகள் தொட்ட முடிச்சை விட்டுவிட்டு மற்றவற்றை ஒவ்வொன்றாக, ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தளர்த்தத் தொடங்கினான்.