கன்னியம்மன் கோயில் பிடிமண்

சில வருடங்களுக்கு முன் ஒரு மாசி மாதக் காலை. வாலாஜாபாத் தாண்டி, பாலாற்றங்கரையில் இருக்கும் ஓர் ஊரின் காலனிக்கு வெளிநாட்டுப் பெண் ஒருவரை அழைத்துப் போனேன். தென்னாப்பிரிக்காவில் வேலை பார்க்கும் என் மகன் அனுப்பிவைத்தவர். அவருடைய முன்னோர் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறிப் போனவர்கள். அவருக்குத் தமிழ் தெரியாது. நான்தான் பேச வேண்டும்.

ஊரைவிட்டுப் போகிறவர்கள் குலதெய்வம் இருக்கும் இடத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப் போய், போன இடத்தில் அதை வைத்துக் கோயில் எழுப்புவார்கள். அவர்கள் குடும்பமும் அப்படித்தான் பாலாற்றுக் கன்னியம்மனைக் கொண்டுபோயிருந்தது. அங்கே கட்டிய கோயில் ஒரு வெள்ளத்தில் அடித்துப் போய்விட்டது. இங்கிருந்து புது மண் வராமல் மறுபடி கட்டக்கூடாது என்று அவருடைய அம்மா பிடிவாதமாக இருந்தார். எண்பது தாண்டியவர், படுத்த படுக்கை. ஊர்ப் பெயரும் சாமி பெயரும் அந்த வீட்டில் அம்மாக்கள் வாய்வழியாகவே வந்திருந்தன.

கோயில் சாலையோரத்தில் இருந்தது. டைல்ஸ் பதித்த மேடை, அதன் மேல் மஞ்சள் பூசிய ஏழு கற்கள். பூசை செய்பவர் மற்ற நாட்களில் கொத்தனார் வேலைக்குப் போகிறவர். விஷயத்தைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது.

"நம்ம ஜனமா? வாம்மா, வா. இத்தினி வருஷம் கழிச்சுதான் வழி தெரிஞ்சுதா?"

கற்பூரம் ஏற்றினார். மேடைக்குப் பக்கத்தில் ஒரு பிடி மண் எடுத்து, மஞ்சள் துணியில் முடிந்து கொடுத்தார். அந்தப் பெண் அதை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதார்.

பூசாரியின் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "யோவ், அது கும்பாபிஷேகத்துக்குக் கொட்ன கிராவல்யா. மலைய ஒடச்சு லாரில வந்தது. அதப் போயி சாமி மண்ணுன்னு குடுக்கறியே."

"சும்மா இருடி. அவ்ளோ தூரத்துல இருந்து வந்துக்கீது பொண்ணு."

"அதுக்குத்தான் சொல்றேன்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். என்ன பேசுகிறார்கள் என்று கேட்டார். சொன்னேன். அப்படியானால் பழைய இடத்தைக் காட்டுங்கள் என்றார்.

பூசாரி தயங்கித் தயங்கி எங்களை ஆற்றுக்குள் கூட்டிப்போனார். மனைவியும் கூடவே வந்தார். சாமி முதலில் இருந்தது ஆற்றின் நடுவே ஒரு மணல் திட்டில். மணல் லாரிகள் ஓடிய காலத்தில் திட்டைச் சுற்றி அள்ளினார்கள், பிறகு திட்டையும் அள்ளினார்கள். ஊர்க்காரர்களால் கற்களைத்தான் தூக்கிவர முடிந்தது.

"அந்த மண்ணு வேணும்னா மெட்ராஸ்லதான் போய்க் கேக்கணும் சார். எந்த அபார்ட்மென்ட் செவுத்துல பூசி வச்சிக்கீறானோ" என்று சிரிக்கப் பார்த்தார்.

எதிரே ஒரு பெரிய பள்ளம் இருந்தது. மணல் முடிந்து களிமண் தெரியும்வரை தோண்டியிருந்தார்கள். பச்சை நிறத்தில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது.

அந்தப் பெண் துணியை அவிழ்த்துக் கிராவலைக் கீழே கொட்டினார். துணியை மடித்துப் பூசாரியின் மனைவியிடம் கொடுத்தார். அந்நேரம் அவருடைய போன் அடித்தது. வீடியோவில் அம்மா, தலையணையில் சாய்ந்த சின்ன முகம். மகள் போனைப் பள்ளத்தின் பக்கம் திருப்பினார்.

"ஆத்துல தண்ணி!" அம்மாவுக்குக் கொஞ்சம் தமிழ் மிச்சமிருந்தது. "எவ்ளோ தண்ணி! தாயே, கன்னியம்மா!" இரண்டு கைகளையும் தூக்கிக் கும்பிட்டார்.

பிறகு, மண் எடுத்தாயா என்று கேட்டார். பூசாரி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். மகள் கடைசிவரை போனைத் தன் பக்கம் திருப்பவில்லை.

அவர் வெறுங்கையோடுதான் விமானம் ஏறினார். அங்கே கோயில் எழும்பவில்லை என்று மகன் சொன்னான். அது ஆறு இல்லை, பள்ளம் என்று அந்த அம்மாவிடம் சொல்ல அன்று எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. இன்று கேட்டாலும் எனக்கு வராது.